மாமியார் மஞ்சள்

கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே மூன்று ஷட்டர் போட்ட ஸ்டூடியோ என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் கட்டியது. முதலில் எட்டடிக்கு எட்டடி தகரக் கொட்டகை. பின்திரைக்கு ஒரு நீலப் பெட்ஷீட். வெயில் காலத்தில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து உட்காருகிறவர்களின் நெற்றி வேர்வையை என் கைக்குட்டையாலேயே ஒற்றி எடுத்திருக்கிறேன். பொன்னேரியிலிருந்து ஆரம்பாக்கம் வரைக்கும் முதல் கலர் பிரிண்டர் வாங்கிப் போட்டது நான். 'உனக்குக் கம்ப்யூட்டர் தெரியுமாய்யா' என்று பேங்க் மேனேஜர் கேட்டார். 'எனக்குத் தெரியாது சார், தெரிஞ்சவனுக்கு நான் சம்பளம் குடுப்பேன்' என்றேன். கும்மிடிப்பூண்டி சிப்காட் கம்பெனிகளின் வாசலில் நின்று நின்று, அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கும் வேலையை வாங்கியது நான். ஆல்பம் பைண்டிங் மிஷின் கொண்டுவந்தது நான். பெருமழையில் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியபோது, கம்ப்யூட்டரைத் தலையில் வைத்துக்கொண்டு ரயில் நிலையப் படிக்கட்டில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவனும் நான்தான்.

இத்தனை செய்தும் என்ன? கடைக்குள் நுழைகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி, "அந்தம்மா இல்லியா?"

அந்தம்மாவைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பெயர் போடமாட்டேன். போட்டால் திருவள்ளூரிலிருந்து போன் வரும், "இன்னாத்துக்கு நைனா உனுக்கு இந்த வேல?" என்று. என்னை நைனா என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு என்னைவிட இருபது வயது குறைவாக இருக்கும். சந்தோஷமாக இருந்தால் 'நீங்க', கோபம் வந்தால் 'நீ'.

முதன்முதல் அவர் வந்தது வேலை கேட்டு அல்ல, போட்டோ எடுக்க. சிப்காட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் பதினாறு வருஷம் வேலை. பெயிண்ட் கலக்கிற வேலை இல்லை. கலந்து வந்த பெயிண்ட் கேட்ட கலரில்தான் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்கிற வேலை. அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். வேறு கம்பெனிக்கு விண்ணப்பம் போட, பாஸ்போர்ட் போட்டோ வேண்டியிருந்தது. பிரிண்ட்டைக் கையில் வாங்கினார், தன் ஜாக்கெட் கைமேல் வைத்துப் பார்த்தார்.

"இது என் ஜாக்கெட்டு இல்லியே."

என் ஆபரேட்டர் சிரித்தான். "கம்ப்யூட்டர்ல அப்டித்தாங்க்கா வரும்."

"அப்டித்தான் வரும்னா கம்ப்யூட்டருக்குக் கண்ணு நோவு. சேப்ப கொஞ்சம் எறக்கு தம்பி. நீலம் ஒரு சொட்டு ஏத்து. ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டு."

அவன் ஏதோ நகர்த்தினான். மறுபடி பிரிண்ட் வந்தது. ஜாக்கெட்மேல் வைத்தால் எது துணி, எது காகிதம் என்று தெரியவில்லை. எடிட்டிங் படித்துவிட்டு வந்த பையன்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு கண்ணைப் பார்த்ததில்லை. அந்த விண்ணப்பத்தை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினேன். "நாளையிலிருந்து இங்க வா" என்றேன். மௌஸைப் பிடிக்கத் தெரியாத ஒருத்தரை எடிட்டராக வைத்துக்கொண்டவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மௌஸ் பழகுவதற்கு ஒரு மாதம் ஆனது. ஆனால் கம்பெனியில் பழகிய ஒன்றை மட்டும் அவர் கடைசிவரை விடவே இல்லை. அங்கே கலரைப் பார்க்கும்போது, கேட்டவர்கள் அனுப்பிய மாதிரித் துண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பார்களாம். துண்டு இல்லாமல் எவ்வளவு பெரிய ஆள் சொன்னாலும் செல்லாது. அதனால் எந்த போட்டோ வந்தாலும் இவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "துண்டு கீதா?" துண்டு இருக்கிறதா என்று.

கல்யாணப் பெண் ஆல்பம் கேட்டு வந்தால், முகூர்த்தப் புடவையின் முந்தானையில் தொங்கும் நூல் ஒன்று கொடுக்க வேண்டும். மாலையில் வைத்த பூவில் ஒரு இதழ். பந்தல் துணியில் ஒரு கிழிசல். முகத்துக்கு? பெண்ணே நேரில் வந்து ஸ்கிரீன் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். "கொஞ்சம் வெள்ளையா போடுங்கக்கா" என்று ஒரு பெண் கெஞ்சினாள். "ஏம்மா, அப்பறம் உம் புருஷன் ஆல்பத்துல கீறவள எங்கன்னு தேடிக்கினு போய்ட்டா நான் இன்னா பண்றது?" என்றார். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் கையை எடுத்துவிட்டாள். "கைய வை, கைய வை, இப்பத்தான் வருது" என்று அதட்டினார். அவருடைய மேஜை டிராயரைத் திறந்தால் நூலும் சருகும் குங்குமப் பொட்டலமுமாக, நாட்டு மருந்துக் கடை மாதிரி இருக்கும்.

இந்த இடத்தில் பிரீசெட் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், எனக்கே யாரும் சரியாகச் சொல்லித் தரவில்லை. ஒரு போட்டோவுக்கு வெளிச்சம் இவ்வளவு, நிழல் இவ்வளவு, சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு என்று ஒருமுறை பார்த்துப் பார்த்துச் சரி செய்கிறோம். அந்த அளவுகளை மொத்தமாக ஒரு பெயர் போட்டு வைத்துக்கொள்ளலாம். அடுத்த போட்டோவுக்கு அந்தப் பெயரைத் தட்டினால் போதும், எல்லா அளவும் ஒரே நொடியில் வந்து உட்காரும். ஒன்றுக்கும் தட்டலாம், ஆயிரத்துக்கும் தட்டலாம். மிளகாய்த்தூளை அரைத்து டப்பாவில் வைத்துக்கொள்வது போல. கடையில் பாக்கெட்டாகவும் கிடைக்கும், வீட்டிலும் அரைக்கலாம்.

அந்தம்மா அரைத்ததெல்லாம் ஊட்டுத்தூள். மற்ற ஸ்டூடியோக்களில் பிரீசெட்டுகளுக்கு இங்கிலீஷில் பெயர் இருக்கும். எங்கள் கம்ப்யூட்டரில் வரிசையாக இப்படி இருக்கும்: 'மண்டபம் பச்ச லைட்டு'. 'பந்தல் சேப்பு' என்பது சிவப்புப் பந்தல் துணிக்குக் கீழே நின்று தக்காளியாகிவிட்ட முகங்களுக்கு. 'அத்திப்பட்டு மூட்டம்' என்பது அனல் மின்நிலையத்துப் பக்கம் எடுத்த, வானமே இல்லாத படங்களுக்கு. 'பழவேற்காடு தண்ணி' படகில் ஏறி போஸ் கொடுக்கும் ஜோடிகளுக்கு. 'ஷிப்ட்டு முடிஞ்ச மூஞ்சி' என்று ஒன்று. ராத்திரி வேலை முடித்து நேரே அடையாள அட்டைப் போட்டோவுக்கு வந்து உட்காருகிற தொழிலாளிகளுக்கு அது. கண்ணுக்குக் கீழே இருக்கிற கருப்பை அழிக்காது, அரைவாசி மட்டும் குறைக்கும். "முழுசா அழிச்சா கேட்ல செக்குரிட்டி உள்ள உடமாட்டான் நைனா" என்பார்.

பழவேற்காட்டிலிருந்து ஒரு பாய் வருவார். இறால் வியாபாரம். இறாலைப் படம் எடுத்துப் போனில் அனுப்பி ஆர்டர் பிடிப்பார். படத்தில் ஒரு கலர், பெட்டியில் ஒரு கலர் என்று வாங்குகிறவர்கள் சண்டை பிடித்தார்களாம். அந்தம்மா வழக்கம்போல, "துண்டு கீதா பாய்?" என்றார்.

"இறாலுக்கு இன்னா துண்டும்மா?"

"இறால்தான்."

மறுநாள் பாய் ஒரு கிலோ கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். இவர் ஒன்றை எடுத்து ஸ்கிரீன் ஓரத்தில் ஒட்டாத குறையாகப் பிடித்துக்கொண்டு காலையிலிருந்து மத்தியானம் வரை கலர் பார்த்தார். மூன்று நாளைக்கு ஸ்டூடியோவில் கற்பூரம், ஊதுபத்தி எல்லாம் கொளுத்திப் பார்த்தேன். நிச்சயதார்த்தப் போட்டோ எடுக்க வந்த ஒரு குடும்பம் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பல்வரிசை எல்லாம் படத்தில் நன்றாக விழுந்தது. பாயின் சண்டை அன்றோடு தீர்ந்தது. அந்த பிரீசெட்டுக்கு 'நாத்தம்' என்று பெயர் வைத்தார்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

ஆடிக் கிருத்திகைக்கு அந்தம்மா திருத்தணிக்குக் காவடி எடுப்பார். வருஷம் தவறாமல் நான்கு நாள் லீவு. ஒரு வருஷம் அவர் போன சமயத்தில், வைகாசியில் எடுத்த ஒரு கல்யாண ஆல்பம் பாக்கி நின்றது. மாப்பிள்ளை வீடு கடம்பத்தூர், நெல் விவசாயம், நல்ல வசதி. நான் சென்னைக்குப் போயிருந்தபோது, 'சினிமா கலர்' என்று ஒரு பிரீசெட் கட்டு வாங்கி வந்திருந்தேன். அந்தம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு ஊட்டு மூஞ்சிக்குப் போட்டது நைனா?" என்று ஒதுக்கி வைத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தொள்ளாயிரம் போட்டோவையும் சேர்த்துப் பிடித்து ஒரே அமுக்கு அமுக்கினேன். மண்டபம் மைசூர் அரண்மனை மாதிரி ஆயிற்று. மர வண்ணம், புகை வண்ணம். ஒன்றொன்றாகத் திறந்து பார்க்கவில்லை. பிரிண்ட் போட்டு, பைண்டிங் செய்து, நானே பொண்ணு வீட்டாரிடம் கொடுத்தேன். அவர்கள் பிரிக்காமலே கடம்பத்தூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் பொண்ணின் அப்பா போன் செய்தார். நல்ல மனிதர்.

"சார், தாலிக் கவுறு வெள்ளையா கீது சார்."

எனக்குப் புரியவில்லை. ஆல்பத்தின் நகலைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். பின்னால் நாத்தனார் விளக்கு பிடிக்கிறாள். கழுத்தில் கயிறு வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. அந்தச் சினிமா கலர், இருந்த மஞ்சளை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டிருக்கிறது. ஒரு படத்தில் இல்லை, கழுத்து தெரிகிற அத்தனை படத்திலும்.

அவர் சொன்னார்: "வர்ற வெள்ளிக்கெழம தாலி பிரிச்சிக் கோக்கணும் சார், மூணாவது மாசம். சொந்தக்காரங்க எல்லாம் வராங்க. சம்மந்தியம்மா அந்த ஆல்பத்தப் பாத்ததுலருந்து, இத சரி பண்ணாம தாலியில கை வைக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்க. மாப்ளயோட அத்த ஒருத்தி, பொண்ணு வந்த நேரம் கவுறே வெளுத்துட்ச்சின்னு பேசிக்கினு கீறா. எம் பொண்ணு ரெண்டு நாளா சரியா சாப்டல சார்."

அன்றைக்குத் திங்கட்கிழமை. அந்தம்மா அன்று காலையில்தான் மொட்டைத் தலையோடு வேலைக்கு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். ஸ்கிரீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னுடைய அமுக்கு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கேமராவில் எடுத்தபடியே இருந்த படத்தைத் திறந்தார். அதில் மேடையின் ஊதா விளக்கு விழுந்து கயிறு சாம்பல் மாதிரி கிடந்தது.

"நீயே பாத்து ஒரு மஞ்சளப் போட்டுடும்மா" என்றேன்.

"எந்த மஞ்ச? மாப்ள ஊட்ல நனச்ச மஞ்ச எது, எனுக்கு எப்படித் தெரியும்? வண்டிய எடு நைனா."

வேனில் பெரியபாளையம் வழியாகப் போனோம். அவர் மடியில் லேப்டாப். ஒரு பை நிறைய வெள்ளைத் துணியும், கலர் சரிபார்க்கிற சாம்பல் நிற அட்டையும். திருவள்ளூர் தாண்டும்போது மெதுவாகச் சொன்னேன், "அங்க போய் மிஷின் கோளாறுன்னு சொல்லிடலாம்."

"மிஷின்தான் ராத்திரி தனியா எந்திரிச்சி வந்து அமுக்குச்சா?"

கடம்பத்தூர் வரைக்கும் ரோட்டைப் பார்த்தே ஓட்டினேன்.

வாசலிலேயே மாமியார்க்காரம்மா நின்றுகொண்டிருந்தார். நல்ல உயரம். குரல் அதைவிட உயரம். "யோவ் ஸ்டூடியோ! எம் புள்ள குத்துக்கல்லு மாதிரி உசுரோட நின்னுக்கினு கீறான். அவங் கட்னத வெள்ளையா போட்டு அனுப்பிக்கிறியே, உனுக்குப் புள்ள குட்டி இல்லியா? யாரு பண்ண வேல இது?"

கூடத்தில் இருபது பேராவது இருப்பார்கள். அத்தைக்காரி ஆரஞ்சுப் புடவையில் முன்வரிசையில். பொண்ணு சமையலறைக் கதவுக்குப் பின்னால், கழுத்து வரைக்கும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு. அந்தம்மா மொட்டைத் தலையோடு, லேப்டாப்பை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். அவர்தான் எடிட்டர் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லார் கண்ணும் அவர்மேல் போனது. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் வீம்புக்கு வேறு ஏதாவது சொல்லியிருப்பேன்.

"நான்தாம்மா," என்றேன். "இவங்க அப்ப ஊர்லயே இல்ல. நான்தான் தெரியாம அமுக்கினேன். உம் மருமவ கழுத்துல கீறது மஞ்ச. தப்பு எங் கையில."

மாமியார்க்காரம்மா என்னைத் திட்டத் திரும்பினார். அந்த இடைவெளியில் அந்தம்மா உள்ளே நுழைந்துவிட்டார்.

"கவுறக் காட்டு கண்ணு" என்றார் பொண்ணிடம். அவள் தயங்கித் தயங்கி எடுத்துக் காட்டினாள். மூன்று மாதம் தினமும் மஞ்சள் பூசிக் குளித்த கயிறு, அடர்ந்து பழுப்பேறியிருந்தது. "இது இன்னிக்கு மஞ்ச. எனுக்குக் கல்யாணத்தன்னிக்கு மஞ்ச ஓணும். அன்னிக்கு யாரு நனச்சது?"

"நான்தான் நனச்சேன்" என்றார் மாமியார்க்காரம்மா, இன்னும் விறைப்பாக. "எங் கொல்லையில வெளஞ்ச மஞ்ச. கடையில வாங்கினது இல்ல."

"அதே மஞ்ச கீதா?"

"இன்னாத்துக்கு?"

"அதே மாதிரி ஒரு கவுறு நனச்சிக் குடு தாயே. நீ நனச்சிக் குடுத்த மஞ்சளதான இந்த ஆளு அழிச்சிட்டாரு. நீதான் திருப்பிப் போடணும்."

மாமியார்க்காரம்மா முந்தானையை இடுப்பில் செருகினார். பிறகு விறுவிறு என்று உள்ளே போய், மஞ்சளை இழைத்து, புதுநூல் ஒன்றை முக்கிக் கொண்டுவந்தார். அதற்குள் அந்தம்மா வடக்கு ஜன்னலுக்குக் கீழே மேஜையை இழுத்துப் போட்டு, சாம்பல் அட்டையை நிறுத்தி, மேஜைமேல் வெள்ளைத் துணியை விரித்திருந்தார். நேர் வெயில் விழாத வெளிச்சம்தான் கலருக்கு நியாயம் சொல்லுமாம். திரும்பிப் பார்த்து, "ஆரஞ்சுப் பொடவ, கொஞ்சம் தள்ளி நில்லும்மா. ஒன் கலரு கவுத்து மேல அடிக்குது" என்றார். அத்தைக்காரி முகம் சுளித்தபடி பின்வரிசைக்குப் போனாள். யாரோ ஒரு கிழவர் இருமுவது போல் சிரித்தார்.

ஈரக் கயிற்றை ஸ்கிரீன் ஓரத்தில் மாமியார்க்காரம்மாவே பிடித்துக்கொண்டார். அந்தம்மா மஞ்சளை ஏற்ற ஏற்ற, அவர் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

"பத்தல."

"இப்ப?"

"இது எலும்பிச்சம்பழம். எங்கூட்டு மஞ்ச இப்டியா கீது?"

"இப்ப?"

"ஐயே, செவப்பா போவுது! எறக்கு, எறக்கு. இரு... இல்லம்மா, இரு. அன்னிக்கு வெடிகாலையில நனச்சோம். முகூர்த்தத்துக்குள்ள பாதிதான் காஞ்சிச்சி. இது சொட்ட சொட்ட கீதே."

அந்தம்மா லேப்டாப்பிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அப்ப காயட்டும்."

காய்ந்தது. இருபது பேரும் ஒரு கயிறு காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மோர் வந்தது. வெயில் போதவில்லை என்று ஒருவர் விசிறியால் வீச, "பூரா காஞ்சிடப் போவுதுய்யா" என்று மாமியார்க்காரம்மாவே அவர் கையைத் தட்டினார். பாதி காய்ந்ததும் மறுபடி பிடித்தார். அந்தம்மா ஒரு சொட்டு இறக்கினார்.

"தோ! இதான்! இதே!" மாமியார்க்காரம்மா கயிற்றையும் ஸ்கிரீனையும் மாற்றி மாற்றிக் காட்டினார். "ஏய், வாடி இங்க, பாரு!" என்று மருமகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்தினார்.

"இதுக்கு ஒரு பேரு வெக்கணும்" என்றார் அந்தம்மா.

"பேரா? கலருக்கா?"

"மாமியார் மஞ்சன்னு போட்டுக்கறேன். இப்ப நீயே அமுக்கு தாயே. தொள்ளாயிரமும் மாறிடும்."

மாமியார்க்காரம்மா விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சாமிக்கு விளக்கு ஏற்றுவது போல் ஒரு தட்டுத் தட்டினார். படங்கள் ஒவ்வொன்றாக மஞ்சள் ஏறின. ஊஞ்சலில் ஒன்று, மணவறையில் ஒன்று, பந்தியில் ஒன்று. கூடத்தில் கைதட்டல் எழுந்தது. பொண்ணு அழுதுகொண்டே சிரித்தாள். மாமியார்க்காரம்மா அவள் முந்தானையைக் கழுத்திலிருந்து விலக்கி, கயிற்றை வெளியே எடுத்துவிட்டு, "எல்லாரும் பாக்கட்டும் வுடு. மொதல்ல சாப்புடு போ" என்றார். ஆரஞ்சுப் புடவை அத்தையை மட்டும் காணவில்லை. பிறகு எல்லோருக்கும் இலை போட்டபோது பந்தியில்தான் பார்த்தேன்.

வியாழக்கிழமை புது ஆல்பம் போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை தாலி பிரித்துக் கோர்த்தார்கள். பழைய ஆல்பத்தை நானே வாங்கி வந்துவிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தம்மாவின் மகளுக்கு இரட்டைக் குழந்தை. பார்த்துக்கொள்ளத் திருவள்ளூருக்கே போய்விட்டார். இப்போது அங்கிருந்தபடியே ஐந்து ஸ்டூடியோக்களுக்கு எடிட்டிங் செய்கிறார், இரண்டு தொடையிலும் இரண்டு பேரை வைத்துக்கொண்டு. 'மாமியார் மஞ்ச'வை ஒளித்து வைத்துக்கொள்ளவும் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். "இந்தா, எடுத்துக்கினு போ. ஆனா ஒரு தபா அந்த ஊட்டு மஞ்சளப் பாத்துட்டு அப்பால ஒரு சொட்டு மாத்திக்கோ" என்று சொல்லித்தான் கொடுப்பார். அரக்கோணம் லைனிலும் கும்மிடிப்பூண்டி லைனிலும் அது இல்லாத ஸ்டூடியோ இல்லை.

அடுத்த மாதம் இந்தப் பக்கத்து போட்டோகிராபர்கள் சேர்ந்து அவருக்குப் பொன்னாடை போர்த்துகிறார்கள். அழைப்பிதழ் வந்தது. மேலே அவர் பெயர், பெரிதாக. சந்தோஷம், போட வேண்டியதுதான். குத்துவிளக்கு ஏற்றுபவர் கடம்பத்தூர் மாமியார்க்காரம்மா. அதுவும் சரி. மாமியார்க்காரம்மா ஊரெல்லாம் போய், "அந்தக் கலரு நான் போட்டது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம். சொல்லட்டும், அவர் கை பட்டது உண்மை.

என் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. அமைப்பாளர்களுக்குப் போன் செய்தேன். "வரவேற்புரையில சொல்லிடறோம் ஐயா, ஸ்டூடியோ வெச்சிருந்தீங்கன்னு" என்றார்கள். ஸ்டூடியோ வைத்திருந்ததை நானே சொல்லிக்கொள்வேன். எனக்கு வேண்டியது அது இல்லை. அச்சில் மூன்றாவது வரி வேண்டும். இப்படிப் போடுங்கள்: தொள்ளாயிரம் போட்டோவிலும் மஞ்சளை அழித்தவர், இருபது பேர் நடுவில் நான்தான் என்று சொன்னவர். அதற்குக் கீழே என் முழுப்பெயர், இனிஷியலோடு.